எங்கட இங்கிலீஷ் ஒரு மருத்துவ சேவை இல்லை



போன மடலில் மே 18 நினைவேந்தலுக்கான வேலைப் பங்கீடு வந்திருந்தது. பதாகை, ஒலிபெருக்கி, ஆங்கில அறிக்கை, முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று எல்லாத்துக்கும் நேரே ஒரு பெயர். கஞ்சி காய்ச்ச எங்களுக்கு வயதுபோன ஆக்கள் வேணும். முன்வரிசைக் கதிரையில் இருக்கவும் அவை வேணும். படம் எடுத்துப் போடவும் வேணும். ஆனால் அண்டைக்குக் காலமை அவை என்ன குளிசை போட்டுக்கொண்டு வந்தவை, சாப்பிட்டிட்டுப் போட்டவையோ வெறுவயித்தில போட்டவையோ என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை வரைக்கும் தெரியாமல்தான் இருந்தது.

என்ர அம்மம்மாவுக்கு 79 வயது. ஏவன்டேலில், ரோஸ்பாங்க் ரோட்டால் உள்ளுக்குப் போற ஒரு தெருவில், வாடகை வீட்டில் நாங்கள் நாலு பேர்: அம்மம்மா, அம்மா, அண்ணா, நான். அந்த வெள்ளி பின்னேரம் நான் அறைக் கதவைச் சாத்திப்போட்டு எங்கட கூட்டம் ஒன்றில் ஸூமில் இருந்தேன். பலஸ்தீனத்துக்கான புறக்கணிப்புப் பட்டியலில் எந்தப் பொருளைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வாக்குவாதம். அம்மம்மா கதவைத் திறந்து என்னை அம்மாவின் பெயரால் கூப்பிட்டா. நான் திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டி, "பிறகு, அம்மம்மா" என்றேன். இரண்டாம் தரம் தன்ர செத்துப்போன தங்கச்சியின் பெயரால் கூப்பிட்டா. அப்பதான் திரும்பினேன். சட்டை நனைஞ்சு போயிருந்தது. கை நடுங்கினது.

சீனி பார்க்கிற மெஷினில் 2.3 என்று காட்டினது. 111க்கு அடிச்சேன். விழிப்பாக இருக்கிறாவா, விழுங்க முடியுமா என்று கேட்டார்கள். ஓம் என்றதும் சீனித் தண்ணி குடுக்கச் சொன்னார்கள். குடுத்தேன். அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து எடுக்கிறா? நான் சொன்னேன்: சீனிக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று. பெயர்? தெரியாது. எத்தனை மில்லிகிராம்? தெரியாது. கடைசியாக எப்ப போட்டவ? தெரியாது. புறக்கணிப்புப் பட்டியலில் இருக்கிற கம்பனிகளின் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அண்ணா வீட்டுக்குப் போய் அம்மம்மாவின் பிஸ்கட் தகரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தான். அதுக்குள்ள ஏவன்டேல் பார்மசியின் 'கிளைசைட்' இருந்தது. போன வருசம் சித்தி யாழ்ப்பாணத்தில் இருந்து சூட்கேசில் கொண்டுவந்த 'டயமைக்ரோன்' இருந்தது. இரண்டு பெட்டி, இரண்டு நிறம், இரண்டு பெயர். ஆனால் உள்ளுக்குள்ள இருக்கிறது ஒரே மருந்து, கிளிக்லசைட். சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. சாப்பிட்டாலும் சுரக்கும், சாப்பிடாட்டிலும் சுரக்கும். அம்மம்மா இரண்டையும் போட்டிருக்கிறா. வெள்ளி விரதம் என்று மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணியோட இருந்திருக்கிறா. இந்த வகை மருந்தால் இறங்கின சீனி ஏத்தினாலும் திரும்ப இறங்கலாம் என்று ஒரு இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள்.

ஏன் இரண்டையும் போட்டவ என்று கேட்டேன். "இஞ்சத்தைக் குளிசையின்ர நிறம் மாறிப்போச்சு பிள்ளை. அது சரியில்லாததாக்கும் எண்டு நினைச்சன். ஊர்க் குளிசை நல்லது."

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். படிப்பறிவு இல்லை என்று சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆங்கில எழுத்து வாசிக்க ஏலாத ஒருவருக்கு நிறமும் வடிவமும்தான் எழுத்து. 1993இல் தொடங்கின பார்மக் என்ற அரச நிறுவனம்தான் நியூசிலாந்துக்கு எந்த மருந்தை எந்த விலைக்கு வாங்குவது என்று பேரம் பேசுகிறது. டெண்டரில் வேறொரு கம்பனி வென்றால் பெட்டி மாறும், குளிசையின் நிறம் மாறும். நான் பார்மக்குக்கு எதிரி இல்லை. டிபிபி வர்த்தகப் பேச்சு நடந்த காலத்தில் அமெரிக்க மருந்துக் கம்பனிகள் அதைப் பலவீனப்படுத்த முயன்றபோது இந்த நாட்டு இடதுசாரிகள் அதற்காகத் தெருவில் இறங்கினது சரிதான். ஆனால் மலிவாக வாங்குவது ஒன்று, மாறின நிறத்தை ஒரு கிழவிக்கு அவவின் மொழியில் விளங்கப்படுத்துவது இன்னொன்று. இரண்டாவதுக்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை. அது வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த பிள்ளையின் தலையில் விழுகிறது.

இரண்டு பெயரில் ஒரே மருந்து என்ற பிரச்சினையை எங்கட ஊர்க்காரர் ஒருவர் ஐம்பது வருசத்துக்கு முன்னமே பிடித்துவிட்டார். சேனக பிபிலே. பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி, லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். 1971இல் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் எழுதின அறிக்கையும், அவர் தலைமை தாங்கின அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் சொன்ன விசயம் எளிமையானது: நாட்டுக்குத் தேவையான மருந்தை அரசு மொத்தமாக வாங்கட்டும், டொக்டர் கம்பனியின் பெயரை எழுதாமல் மருந்தின் பெயரை எழுதட்டும். கம்பனிகள் அவரைச் சும்மா விடவில்லை. 1977இல் கயானாவில் இறந்தார். சிங்கள இடதுசாரிகளோடு எங்களுக்கு எவ்வளவோ கணக்கு இருக்கிறது, தெரியும். அதுக்காக இந்த மனிசனை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. அம்மம்மாவின் தகரத்தில் இருந்த இரண்டு பெட்டியிலும் 'கிளிக்லசைட்' என்பது பெரிய எழுத்திலும் கம்பனிப் பெயர் சின்ன எழுத்திலும் இருந்திருந்தால் நான்கூட அதைக் கண்டுபிடித்திருப்பேன். தகரத்தை எப்பவாவது திறந்து பார்த்திருந்தால் என்பது வேற விசயம்.

ஏன் திறக்கவில்லை? அம்மா பார்ப்பா என்று நினைத்தேன். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறா. அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் நாள் நேரம் போட்டு அடைத்த பொதி வரும். குடுத்த ஒவ்வொரு குளிசைக்கும் கையெழுத்து வைக்க வேணும். சில மருந்துக்கு இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேணும். அப்படி ஊராற்ற தாய்மாருக்குக் கையெழுத்து வைத்துக் குளிசை குடுத்திட்டு, விடிய வீட்டுக்கு வந்து படுத்தால் தன்ர தாயின்ர தகரத்தைத் திறக்க அவவுக்குச் சீவன் இல்லை. அண்ணாவை ஒருதரும் கேட்கிறதில்லை. அவன் கார் ஓட்டுவான், அதோட சரி. மிச்சம் நான்.

அம்மாவின் வேலைக்கு என்ன விலை என்று இந்த நாடு ஒருமுறை நீதிமன்றத்தில் கதைத்தது. கிறிஸ்டீன் பார்ட்லெட் என்ற லோவர் ஹட் பராமரிப்புத் தொழிலாளி, 20 வருசத்துக்கு மேல் வேலை செய்தும் மணிக்கு 14 டொலர் சொச்சம்தான் எடுத்தவர், இது பெண்கள் செய்கிற வேலை என்பதால்தான் இவ்வளவு குறைவு என்று வழக்குப் போட்டார். 2017இல் 200 கோடி டொலர் உடன்படிக்கை வந்தது. 55,000 தொழிலாளருக்குச் சம்பளம் ஏறியது. பிறகு 2025 மே மாதம் தேசியக் கட்சிக் கூட்டரசாங்கம் அவசர அவசரமாகச் சட்டத்தை மாற்றி, நிலுவையில் இருந்த 33 சம ஊதியக் கோரிக்கைகளையும் ஒரேயடியாக இல்லாமல் செய்தது. அண்டைக்கு நாங்கள் எல்லோரும் ஆவேசமாகப் பதிவு போட்டோம். நானும் போட்டேன். அதே வேலை என்ர வீட்டில் சம்பளமே இல்லாமல், பட்டியலே இல்லாமல், ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் நடந்துகொண்டிருந்தது.

சரி, இனி என்னுடைய இங்கிலீஷுக்கு வருவோம்.

எனக்குப் பத்து வயதில் இருந்து நான் அம்மம்மாவின் மொழிபெயர்ப்பாளர். உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் என்று தெரியும். வெளிப்படையாகச் சொல்கிறேன், நான் மோசமான மொழிபெயர்ப்பாளர். அம்மம்மா நாலு நிமிசம் கதைப்பா: எப்ப தொடங்கினது, அண்டைக்கு என்ன சமைச்சவ, எந்தப் பக்கம் நொந்தது, படுத்தால் எப்படி, எழும்பினால் எப்படி. நான் டொக்டரிடம் "முழங்கால் வலிக்குதாம்" என்பேன். டொக்டர் இரண்டு நிமிசம் கதைப்பார். நான் அம்மம்மாவிடம் "ஒண்டுமில்லையாம், குளிசையை ஒழுங்காப் போடட்டாம்" என்பேன். இங்கே ஒரு சந்திப்புக்குப் 15 நிமிசம்தான். டொக்டரின் கண் கடிகாரத்துக்குப் போறதை நான் பார்ப்பேன், அம்மம்மா பார்க்கமாட்டா. அவவின் பேச்சை நான் வெட்டுவது அவவுக்காக இல்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதற்காக.

சொல்லும் எனக்கு வராது. 'இளைப்பு' என்றால் மூச்சு வாங்கிறதா, மெலியிறதா? 'உளைவு' வேற, 'நோ' வேற, 'குத்து' வேற, 'விறைப்பு' வேற என்று அம்மம்மாவுக்குத் தெரியும். நான் எல்லாத்தையும் 'பெயின்' என்ற ஒரு சாக்கில் போட்டுக் கட்டுவேன். "நெஞ்சுக்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்றால் வாயு என்று விட்டிருக்கிறேன். சலரோகக்காரருக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற சினிமா நோ வராமலும் போகலாம். வியர்வை, மூச்சுத் திணறல், காரணமில்லாத களைப்பு என்று மட்டும் வரலாம். இது எனக்கு 26 வயதில்தான் தெரியும்.

இன்னொன்று, பேத்திக்கு முன்னால் சொல்ல ஏலாத விசயங்கள். மூத்திரம், மலச்சிக்கல், கீழால் இரத்தம் போறது, நித்திரை இல்லாதது, 2009க்குப் பிறகு வராமலே போன மகனை நினைத்து அழுகிறது. இதுகளை எந்த அம்மம்மா பேத்தியின் வாய்க்குள்ளால் ஒரு வெள்ளைக்கார டொக்டருக்குச் சொல்லுவா?

இந்த நாட்டில் இதுக்குச் சட்டம் இருக்கிறது. 1996 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த சுகாதார, மாற்றுத்திறன் சேவை நுகர்வோர் உரிமைக் கோவையில் 5ஆம் உரிமை, நோயாளிக்கு விளங்குகிற மொழியில், விளங்குகிற மாதிரிச் சொல்ல வேணும் என்கிறது. தேவையான இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரைத் தர வேணும் என்கிறது. 8ஆம் உரிமை, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறது. துணை வேற, மொழிபெயர்ப்பு வேற. இரண்டும் தனித்தனி உரிமை. இரண்டையும் ஒரே பேத்தியின் தலையில் கட்டுவது எல்லோருக்கும் வசதி, அவ்வளவுதான்.

அந்தக் கோவை எப்படி வந்தது என்பது எங்களைப் போன்ற ஆக்கள் தெரிஞ்சிருக்க வேண்டிய கதை. ஒக்லாந்தின் நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில், கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் கண்ட பெண்களுக்குச் சரியான சிகிச்சை குடுக்காமல், அவர்களுக்கே சொல்லாமல், என்ன நடக்கிறது என்று வருசக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்ணியவாதிகள் 1987இல் 'மெட்ரோ' இதழில் அதை எழுதினார்கள். சில்வியா கார்ட்ரைட் விசாரணை நடத்தி 1988இல் அறிக்கை தந்தார். 1994இல் சட்டம், பிறகு கோவை. ஆக, பெண்கள் போராடி எடுத்த உரிமை அது, எந்த அதிகாரியும் மனமிரங்கித் தந்ததில்லை. அதுக்குள்ளயும் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள்: மொழிபெயர்ப்பாளர் 'தேவையானதும், நியாயமாகச் செய்யக்கூடியதுமான' இடத்தில்தானாம். இங்கிலீஷ் தெரிந்த பேத்தி பக்கத்தில் நின்றால் தேவை எங்கே இருக்கிறது? நாங்கள் கெட்டித்தனமாக மொழிபெயர்க்கப் மொழிபெயர்க்க அந்த ஓட்டை பெரிசாகிறது. நல்ல பிள்ளைகளாக இருந்தே எங்கட ஆக்களின் உரிமையை நாங்கள் தின்கிறோம்.

அந்த இரவுக்குப் பிறகு, அடுத்த சந்திப்புக்கு நான் முன்கூட்டியே போன் எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேட்டேன். "நீங்கள் வருவீர்கள்தானே?" என்றார்கள். வருவேன், துணைக்கு, மொழிபெயர்ப்புக்கு ஆள் வேணும் என்றேன். இரண்டு தரம் கேட்க வேண்டி வந்தது. தொலைபேசி வழியாக ஒருவரைத் தந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர், நல்ல மரியாதையான குரல். அம்மம்மா தொடங்கினா: "எனக்குக் கனகாலமா சீனி வருத்தம், தம்பி." அவர் ஆங்கிலத்தில், சீனியைப் பற்றி அவருக்கு நெடுநாளாகக் கவலை என்றார். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அவருக்கு வருத்தம் என்றால் துக்கம். நான் குறுக்கே புகுந்து சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டு திருத்தினார். பிறகு 'சத்தி'யும் 'தடிமனும்' வந்தபோது அவரே "வாந்தியா? சளியா?" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே கேட்கும்போதே இலங்கைத் தமிழ் என்று சேர்த்துக் கேளுங்கோ. கிடைக்காட்டிலும் அந்த ஆள் உசாராக இருப்பார்.

என்னை வெளியில் இருக்கச் சொல்லட்டோ என்று டொக்டர் அம்மம்மாவைக் கேட்டார். அம்மம்மா ஓம் என்றா. எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. பத்து நிமிசம் தாழ்வாரத்தில் இருந்தேன்.

திரும்பக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. அம்மம்மாவுக்குக் கால் வீக்கத்துக்கு ஃபுரூசமைட் குடுத்திருந்தார்கள், உடம்பில் தேங்கின நீரை மூத்திரமாக வெளியேற்றுகிற குளிசை. ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் குதிரைப் பந்தயத் திடல் சந்தைக்குப் போற நாளில் அவ அதைப் போடுறதில்லை. கோயிலுக்குப் போற நாளிலும் இல்லை. சாண்ட்ரிங்கம் ரோட்டுக்குச் சாமான் வாங்கப் போற நாளிலும் இல்லை. போட்டால் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கழிப்பறை தேட வேணும், எங்களைக் கேட்க வெட்கம். வீக்கம் குறையவில்லையே என்று டொக்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான்தான் ஒவ்வொரு தரமும் பக்கத்தில் இருந்து "ஓம், ஒழுங்காப் போடுறா" என்று சொல்லியிருக்கிறேன். வெளியே போற நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று டொக்டர் நேரத்தை மாற்றிக் குடுத்தார். அவ்வளவுதான் தீர்வு. இரண்டு வருசமாக என்ர இங்கிலீஷ் அதைத் தடுத்துக்கொண்டு நின்றது.

இப்ப, இதைக் கூட்டு வேலையாக எடுக்க வேணும் என்று நான் சொன்னபோது போன சந்திப்பில் ஒரு தோழர் சொன்னார்: "இது சமூக சேவை, அரசியல் இல்லை. இதுக்குத் தொண்டு நிறுவனங்கள் இருக்கு." அவருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். 1971 ஜூனில், இங்கிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் பொன்சன்பியில் தொடங்கின பொலினீசியன் பாந்தர்ஸ் என்ன செய்தார்கள்? பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட வகுப்பு நடத்தினார்கள். சிறையில் இருக்கிறவர்களைப் பார்க்கக் குடும்பங்களுக்குப் பஸ் ஓட்டினார்கள். பொலிஸ் பிடித்தால் என்ன உரிமை என்று சின்னப் புத்தகம் குடுத்தார்கள். அந்தப் புத்தகத்தையும் பஸ்ஸையும் நம்பித்தான் சனம் ஊர்வலத்துக்கு வந்தது. எங்கட பக்கத்து வீட்டுத் தொங்கா அம்மாவின் அலமாரியிலும் இதே மாதிரி ஒரு தகரம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் தகரம். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், பார்மசியில் எடுத்தது, ஊரில் இருந்து வந்தது, பெரியம்மா குடுத்தது, கோடாலித் தைலம், ஆயுர்வேதச் சூரணம் எல்லாத்தையும், ஒரு பையில் போட்டு ஒரே பார்மசிக்குக் கொண்டுபோங்கோ. அங்கே நிற்கிற மருந்தாளரிடம் பரப்பிக் காட்டுங்கோ. எங்கட வீட்டுப் பையில் இன்னொன்றும் அகப்பட்டது: முழங்கால் நோவுக்கு யாரோ குடுத்த டைக்ளோஃபெனாக். லொசார்டான் மாதிரியான பிரஷர் குளிசை, நீர்க் குளிசை, இந்த வலிக் குளிசை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தைச் சாய்க்கும் என்று டொக்டர்மாருக்கு முதலாம் வகுப்புப் பாடம். வலிக்குளிசையை மாமி கைமாற்றாகத் தருகிற எங்களுக்குத் தெரியாது. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், காட்டிக் கேளுங்கோ. காலாவதியானதைப் பார்மசியிலேயே திருப்பிக் குடுக்கலாம்.

பிறகு ஒரு தாள். மருந்தின் உண்மைப் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்ப, எதுக்கு. பக்கத்தில் தமிழில். ஒன்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ஒன்று கைப்பையில், ஒன்று உங்கட போனில். விரத நாளில் என்ன செய்வது, சத்தியும் வயிற்றோட்டமும் வந்தால் எதை நிறுத்தி வைப்பது என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு அதிலேயே எழுதுங்கோ. எங்கட அம்மம்மா விரதத்தை விடமாட்டா. விடச் சொல்லி நான் கேட்கப் போறதும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு என்று ஒரு தனி வரி இருக்கிறது, அது போதும்.

அந்தத் தாளில் சீனி அளவு எந்த அலகு என்றும் எழுதுங்கோ. இங்கத்தைய மெஷின் 7.8 என்று காட்டுவதை ஊரில் 140 என்பார்கள். 18ஆல் பெருக்க வேணும். கனடா, லண்டன் எல்லாம் எங்கட கணக்கு, யாழ்ப்பாணம், சென்னை வேற கணக்கு. வாட்ஸப்பில் சித்தி "எட்டெண்டால் பயந்து போகாதேங்கோ, எனக்கு நூத்தம்பது" என்று சொல்ல, அம்மம்மா தன்ரது எவ்வளவு குறைவு என்று சந்தோசப்பட்டுக் குளிசையை விட்ட நாளும் உண்டு.

ஒரே பார்மசி என்று ஏன் சொன்னேன் என்றால், காசு. மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு 5 டொலர் கட்டணம் 2023 ஜூலையில் எடுபட்டது, 2024 ஜூலையில் திரும்ப வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவருக்கும் கம்யூனிட்டி சேர்விசஸ் கார்ட் உள்ளவருக்கும் இல்லை. ஆனால் 61 வயது அம்மாவுக்கு உண்டு. அந்த 5 டொலரைச் சில பெரிய கடைகள் விட்டுக்கொடுக்கும். அதால் சனம் ஒரு மருந்தை இங்கேயும் ஒன்றை அங்கேயும் எடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண் ஒன்று இல்லாமல் போகும். அந்தக் கார்ட்டுக்குத் தகுதியிருந்தும் படிவத்துக்குப் பயந்து எடுக்காத ஆக்கள் எங்களுக்குள் நிறைய. படிவம் நிரப்பத் தெரிந்த பட்டதாரிகள் எங்களுக்குள் அதைவிட நிறைய. குடும்பத்துக்கு வருசத்தில் 20 மருந்துக்குக் கட்டினால் மிச்சம் இலவசம் என்பதும் பலருக்குத் தெரியாது. வருசம் பெப்ரவரி 1இல் தொடங்கும். விசிட்டர் விசாவில் வந்திருக்கிற அப்பா அம்மாவுக்கு இது ஒன்றுமே இல்லை, முழு விலை. அவர்கள்தான் ஊரில் இருந்து சூட்கேசில் மருந்து கொண்டுவருகிறவர்கள், அதில் அவர்களைக் குற்றம் சொல்ல ஏலாது. அம்புலன்சுக்கும் இங்கே ஒரு பங்கு காசு கட்ட வேணும், வெலிங்டனில் கட்டத் தேவையில்லை. அந்த பில்லுக்குப் பயந்து காத்திருக்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். 111க்கு அடியுங்கோ, பில்லைப் பிறகு பார்ப்போம். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 0800 611 116, ஹெல்த்லைன், 24 மணித்தியாலமும் இலவசம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

2026 பெப்ரவரியில் இருந்து சில மருந்துகளுக்கு 12 மாதத்துக்கு ஒரே சீட்டு எழுதலாம். டொக்டருக்குக் கட்டுகிற காசு மிச்சம், நல்லதுதான். ஆனால் வருசத்தில் நாலு தரம் பார்த்த கண் ஒரு தரம்தான் பார்க்கும் என்றால், அந்தத் தாளின் வேலை இன்னும் கூடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது. குறைகள் இருக்கும், அந்தத் திட்டத்துக்காக ஓடித் திரிகிற பெண்களின் சம்பளம் முதல் குறை. ஆனாலும் யார் யாரைத் தேடிப் போக வேணும் என்ற கேள்விக்கு அந்தப் பெயரிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஏவன்டேலில் இருக்கிற தமிழ்க் கிழவிக்கு இந்த அரசு அப்படி வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டு இருப்போம். கேட்கிற கோரிக்கையில் இரண்டு போதும் இப்போதைக்கு: மொழிபெயர்ப்பாளர் 'நியாயமாகச் செய்யக்கூடிய' இடத்தில் மட்டும் என்ற சொற்றொடர் போக வேணும், 5 டொலர் எல்லோருக்கும் போக வேணும்.

மே 18 வேலைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். கஞ்சி குடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை. மருந்துப் பை கொண்டுவாற ஆக்களோடு இருந்து தாள் எழுத ஆறு பேர் வேணும், அதில் மூன்று பேராவது அண்ணாமார் தம்பிமாராக இருக்க வேணும். குளிசையைப் பற்றி அறிவுரை சொல்லத் தேவையில்லை, பெட்டியில் இருக்கிறதைப் பார்த்து எழுதத் தெரிந்தால் காணும். வாசலுக்கு அண்மையில் கழிப்பறை உள்ள மண்டபமாகப் பாருங்கோ.

அம்மம்மாவின் அடுத்த சந்திப்பு வியாழன் காலை 8.40. சூப்பர்கோல்ட் கார்ட்டில் இலவசப் பயணம் வேலை நாளில் 9 மணிக்குப் பிறகுதான். அண்ணாவுக்கு வேலை, எனக்கு லைசன்ஸ் இல்லை. யாரிட்டையாவது கார் இருந்தால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ.